எண்ணெய்த் தீட்டு

ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஆட்ட ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் வேண்டும். வாகை மரச் செக்கில் எள்ளைக் கொட்டி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அளவாகத் தண்ணீர் தெளித்து ஆட்டினால் எண்ணெய் ஒரு பக்கம் வடியும்; பிண்ணாக்கு உரலின் சுவரில் அப்பிக்கொண்டு நிற்கும். எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து, ‘பாரம்பரியம்’ என்று லேபிள் ஒட்டி நமக்குக் கொடுக்கிறார்கள். பிண்ணாக்கு சாக்கில் ஏறி மாட்டுக்குப் போகிறது. எள்ளில் இருந்த புரதம், நார்ச்சத்து, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து எல்லாம் அந்தச் சாக்கோடு போய்விடுகின்றன. பாட்டிலில் வந்து சேர்வது கொழுப்பு. கூடவே கொஞ்சம் வைட்டமின் ஈ, கொஞ்சம் வாசனை. இரண்டரை கிலோ எள்ளுக்கு விலை கொடுத்துவிட்டு, கொழுப்பு நீங்கலாக மற்றதையெல்லாம் மாட்டுக்குத் தானம் செய்துவிட்டு, பாட்டிலை ஆரோக்கியம் என்று பெருமையாக வீட்டுக்குத் தூக்கி வருகிறோம். மாட்டுக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை.

இந்தக் கணக்கை உரக்கப் போட்டுக் காட்டியவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். முன்னோடி நேதன் பிரிட்டிகின். அவர் மருத்துவரே இல்லை, கண்டுபிடிப்பாளர். தனக்கு இதய நோய் என்று தெரிந்ததும் உணவில் கொழுப்பைக் குறைத்துத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர். பின்னால் ஜான் மெக்டூகல், டீன் ஆர்னிஷ், கிளீவ்லண்ட் கிளினிக்கின் அறுவை சிகிச்சை மருத்துவர் கால்டுவெல் எஸ்ஸல்ஸ்டின் என்று ஒரு வரிசை வந்தது. ஆளுக்கு ஆள் கண்டிப்பில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பொதுவாகச் சொன்னால், இறைச்சி, மீன், பால் வேண்டாம், அல்லது மிகக் குறைவு. தானியம், பருப்பு, காய், கனி, கிழங்கு ஆகியவற்றை முழுசாகச் சாப்பிட வேண்டும். வெள்ளைச் சர்க்கரையையும் மைதாவையும் ஒதுக்குவது போலவே எண்ணெயையும் ஒதுக்க வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கும் அவர்களிடம் சலுகை கிடையாது. இதய நோயாளிகளுக்கு எஸ்ஸல்ஸ்டின் தேங்காயையும், பாதாம் முந்திரி வகைகளையும்கூடத் தடுத்தார். இந்தப் பேச்சு இப்போது நம் ஊருக்கும் வந்து, ‘நோ ஆயில், நோ பாயில்’ என்று பலகை மாட்டிய கடைகளாகவும், காலை நடைக்கு வரும் பெரியவர்களின் உபதேசமாகவும் புழங்குகிறது.

அவர்கள் சொல்வதில் அடிப்படையான ஒன்று சரி. ஆட்டி எடுத்த எண்ணெய் மனித உடம்புக்கு அவசியமான பொருள் இல்லை. கொழுப்பு அவசியம், உடம்பு தானே செய்துகொள்ள முடியாத இரண்டு கொழுப்பு அமிலங்கள் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், வைட்டமின் ஏ, டி, ஈ, கே ஆகியவை குடலில் ஏறவும் கொழுப்பு வேண்டும். எள், கடலை, தேங்காய், சோயா, ஆளிவிதை எல்லாவற்றிலும் அந்தக் கொழுப்பு இருக்கிறது. விதையைத் தின்கிறவனுக்கு எண்ணெய் உள்ளேயே வந்துவிடுகிறது. இட்லி, இடியாப்பம், புட்டு, கொழுக்கட்டை, களி, கூழ், பழைய சோறு என்று நம் அடுப்படியில் பாதிக்கு எண்ணெய் தேவைப்பட்டதே இல்லை. ‘எண்ணெய் இல்லாமல் எப்படிச் சமைப்பது?’ என்று திகைக்கிறவர் காலையில்தான் நாலு இட்லி சாப்பிட்டிருப்பார்.

அளவும் பார்க்க வேண்டிய விஷயம்தான். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் 120. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் போதும் என்கிறது. நிதி ஆயோக்கின் அறிக்கை சொல்லும் இந்தியச் சராசரி ஆண்டுக்கு 19.7 கிலோ. 365ஆல் வகுத்தால் நாளுக்கு 54 கிராம். சரியாக இரண்டு மடங்கு. அடுப்படிக் கரண்டியில் அளந்தது மட்டும் இவ்வளவு வராது. பரோட்டாக் கடையும் மிக்சர் பாக்கெட்டும் பேக்கரியும் சேர்ந்து நமக்காக ஊற்றியதும் இதில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் எடை மிகுந்தவர்கள். ஆண்களில் 37 சதவீதம். எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. காரணப் பட்டியலில் எண்ணெய் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2025இல் பிரதமரே வானொலியில் எண்ணெயை 10 சதவீதம் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த அளவுக்கு இது அடுப்படியைத் தாண்டிய விஷயம்.

ஆகவே எண்ணெயைக் குறைக்கலாம், விரும்பினால் விட்டும்விடலாம். இதுவரை கணக்கு. இதற்கு அடுத்த படியில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது. ‘ஒரு சொட்டும் ஆகாது’ என்கிறார்களே, அந்தச் சொட்டுக்கு என்ன சான்று?

அவர்கள் அதிகம் எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று மேரிலண்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வோகல் குழு செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆரோக்கியமான 10 பேர். ஆலிவ் எண்ணெயும் ரொட்டியுமாக 50 கிராம் கொழுப்புள்ள ஒரு சாப்பாடு. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கையின் ரத்தக் குழாய் விரியும் திறன் 31 சதவீதம் குறைந்தது. ‘எண்ணெய் ரத்தக் குழாயின் உட்சுவரைக் காயப்படுத்தும்’ என்று மேடைதோறும் சொல்லப்படுவதற்கு இது ஒரு முக்கியமான ஆதாரம். பத்துப் பேர், ஒரே வேளை, ஒரே உட்காரலில் நாலு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவான எண்ணெய். அதே ஆய்வில் எண்ணெயோடு பச்சைக் காய்க் கலவையும் வினிகரும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் குறைவு பெருமளவு தணிந்தது. கனோலா எண்ணெயில் சொல்லும்படியான குறைவே தெரியவில்லை. ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் இந்த இரண்டு செய்திகளும் மேடைக்கு ஏறுவதில்லை. ரசத்துக்குத் தாளித்த அரைக் கரண்டி நல்லெண்ணெயைப் பற்றி இந்த ஆய்வு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆர்னிஷின் ஆய்வு இன்னும் புகழ் பெற்றது. 1990இல் லான்செட் இதழில் வந்தது. 48 இதய நோயாளிகள். கொழுப்பு மிகக் குறைந்த சைவ உணவுக்கு மாறிய குழுவில் பலருக்கு இதயக் குழாயின் அடைப்பு கொஞ்சம் பின்வாங்கியது. பெரிய செய்திதான், அடைப்பு திரும்பிப் போகும் என்று அதுவரை நம்பியவர் குறைவு. ஆனால் அந்தக் குழு உணவை மட்டுமா மாற்றியது? புகையை விட்டார்கள், நடந்தார்கள், தியானம் செய்தார்கள், வாரம் தவறாமல் கூடிப் பேசி மனச்சுமை இறக்கினார்கள். ஐந்து காரியம் சேர்த்துச் செய்து வந்த பலனை ஒரே காரியத்தின் கணக்கில் வரவு வைப்பதை நம் ஊரில் பிரார்த்தனை பலித்தது என்பார்கள். மாத்திரையும் சாப்பிட்டு, மொட்டையும் போட்டு, காய்ச்சல் விட்டதும் மொட்டைக்கு நன்றி சொல்வது.

எஸ்ஸல்ஸ்டின் 2014இல் வெளியிட்டது 198 பேரின் கதை. அவர் சொன்னபடி நடந்த 177 பேரில் நோய் முற்றி ஏற்பட்ட பாதிப்பு ஒரே ஒருவருக்கு, ஒரு பக்கவாதம். விட்டுப்போன 21 பேரில் 13 பேருக்குப் பாதிப்பு. எண்களைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. கடைசி வரை கடைப்பிடித்தவர் யார், பாதியில் விட்டவர் யார் என்பதை அவரவர் மனவுறுதியும் வசதியும் வீட்டுச் சூழலும் உடல்நிலையும் தீர்மானித்திருக்கும். மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறவர், மாதம் தவறாமல் மருத்துவரைப் பார்க்கிறவர், வீட்டில் கவனிக்க ஆள் உள்ளவர் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தப் பக்கம் ஜெயிக்கத்தான் செய்யும்.

எதிர்த் திசையில் ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு நிற்கிறது. 7,447 பேர், சீட்டுக் குலுக்கிப் பிரித்த மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆலிவ் எண்ணெயைத் தாராளமாகக் கொடுத்தார்கள், வாரத்துக்கு வீட்டுக்கு ஒரு லிட்டர். இன்னொரு குழுவுக்கு நாளுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகள். மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை. 2013இல் வந்த முடிவு, முதல் இரண்டு குழுக்களிலும் மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் 30 சதவீதம் குறைவு என்றது. பிறகு குழு பிரித்ததில் சில இடங்களில் தவறு கண்டுபிடிக்கப்பட்டு, கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி 2018இல் மறுபடி வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான் நின்றது. அறிவியல் தன் பிழையை ஊரறியச் சொல்லிவிட்டு நடக்கிற நடை இது. ஒரு சொட்டு எண்ணெய் விஷமென்றால் வாரம் ஒரு லிட்டர் வாங்கிப் போன குடும்பங்களுக்கு இது எப்படி நடந்தது? ஆலிவ் பக்தர்களுக்கும் இதில் ஒரு கேள்வி இருக்கிறது: எண்ணெய் குடித்தவர்களுக்கும் கொட்டையை மென்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே பலன் என்றால், பிழிந்து எடுப்பதற்கு என்ன அவசியம்?

நம் ஊர்ப் பக்தர்களையும் விட்டுவிடக் கூடாது. மரச்செக்கு எண்ணெய் சூடு தணிக்கும், மூட்டு வலி போக்கும், கொழுப்பையே கரைக்கும் என்று ரீஃபைண்ட் ஆயிலுக்கு இரண்டு மூன்று மடங்கு விலையில் விற்கிறார்கள். ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து, வெளுத்து, நெடி நீக்கி வரும் எண்ணெயில் இயற்கையான சில பொருள்கள் போய்விடுகின்றன என்பது உண்மை. செக்கு எண்ணெயில் வாசனை தூக்கல் என்பதும் உண்மை. இரண்டிலும் கிராமுக்கு 9 கலோரி என்பதும் அதே அளவு உண்மை. வாகை மரம் அதில் அரைக் கலோரியையும் குறைக்காது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு; அது கெட்ட கொலஸ்டிராலை ஏற்றுகிறது என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் சொன்னபோது நம் பக்கம் வந்த பதில்களில் பெரும்பாலும் சான்று இல்லை, பாட்டன் இருந்தார். பாட்டனுக்கு மாதத்துக்கு எத்தனை லிட்டர் கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. செக்கின் பழைய காலத்தை எண்ணி உருகுகிறவர்களுக்கு ஒன்றை ஞாபகப்படுத்தலாம்: கோவைச் சிறையில் வ.உ.சி.யின் தோளில் தண்டனையாக ஏற்றப்பட்டதும் அந்தச் செக்குதான்.

திருநெல்வேலிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்றவர், இளவயதில் கறுப்புச் சட்டை, இன்றும் நெற்றியில் ஒன்றும் வைக்காதவர். எண்ணெயை விட்டு எடை குறைந்தார், சர்க்கரை கட்டுக்கு வந்தது. அதுவரை எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் கூட்டைக் கையில் வாங்குமுன் கேட்டிருக்கிறார்: “யக்கா, இந்தக் கரண்டிய வச்சு வேற எதையும் கிண்டுனியா?” அக்கா கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டுச் சொன்னாராம்: “ஏல, ஆச்சி விரதச் சட்டின்னு ஒண்ணு தனியா வச்சிருந்தாள்லா? அத வேணும்னே தொட்டுட்டு ஓடி, முதுகுல அடி வாங்குனவன் நீதான? இப்ப ஒனக்குன்னு ஒரு சட்டிய நான் ஒதுக்கி வைக்கணுமாக்கும்?”

அக்கா பிடித்தது மிகச் சரியான இடம். 27 கிராமுக்கும் 54 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். வேறு சட்டியில் புழங்கிய கரண்டியில் ஒட்டியிருக்கும் கால் கிராம் உடம்புக்குத் தெரியாது. மனசுக்கு மட்டும்தான் தெரியும். அளவைப் பார்க்காமல் பட்டதா படவில்லையா என்று மட்டும் பார்க்கிற புத்திக்கு நம் ஊரில் ஒரு பழைய பெயர் உண்டு. தீட்டு அப்படித்தான் வேலை செய்யும்: அதற்கு அளவு கிடையாது, தொடுகை மட்டும்தான். தொட்டவர், தொட்ட பாத்திரம், பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் என்று பரவும். கடைசியில் சாப்பாட்டுப் பந்தியைத் தனியாகப் போடும். எண்ணெய் விலக்கியவர் தன்னைச் சுத்தமானவராகவும் வடையைக் கடிக்கிற தம்பியைக் கேவலமாகவும் பார்க்கத் தொடங்கும் நொடியில், அறுபது வருஷம் அவர் எதை எதிர்த்தாரோ அதற்குத் தானே பூசாரியாகிவிடுகிறார். மிகக் கடுமையான இதய நோய் உள்ளவருக்கு மருத்துவர் கடுமையான கட்டுப்பாடு சொல்வது வேறு. அது சிகிச்சை, அவருக்கு மட்டுமானது. அதையே ஊருக்கு ஒழுக்கமாக்குவதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. எண்ணெயை விட்டவர் கரண்டியைப் பிடித்தாரா? எண்ணெய் இல்லாமல் வெங்காயம் வதக்கிப் பாருங்கள். இரும்புச் சட்டி காய்ந்ததும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைப் போட்டால் கொஞ்ச நேரம் அதன் ஈரமே காக்கும். பிறகு அடி பிடிக்கும். அப்போது ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுச் சுரண்டினால் அடியில் ஒட்டிய பழுப்பு கரைந்து வெங்காயத்தில் ஏறும். மறுபடி பிடிக்கும், மறுபடி தண்ணீர், மறுபடி சுரண்டல். இப்படி விடாமல் செய்தால் எண்ணெயில் வதக்கியதற்கு முக்கால் பங்கு வந்துவிடும், ருசியும் மோசமில்லை. ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. எண்ணெய் ஊற்றியவள் வதங்கும் நேரத்தில் பருப்பைக் கழுவுவாள், பிள்ளைக்குத் தலை சீவுவாள். எண்ணெய் இல்லாதவள் நின்றபடியே நிற்க வேண்டும். அதோடு மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் வழக்கமான குழம்பு வேறு. நான் பார்த்த வீடுகளில் முடிவெடுத்தவர் பெரும்பாலும் ஆண். இரண்டு குழம்பு வைத்தவர் எப்போதும் பெண். விரதம் இருப்பது ஒருத்தர், அந்த விரதத்துக்கு உழைப்பது இன்னொருத்தர் என்ற ஏற்பாடும் நமக்குப் புதுசில்லை.

ருசியையும் அலட்சியம் செய்யாதீர்கள். கடுகு வெறும் சட்டியிலும் வெடிக்கும். ஆனால் பெருங்காயத்தின் மணமும் கறிவேப்பிலையின் மணமும் கொழுப்பில்தான் நன்றாக இறங்கும். எண்ணெய் இல்லாத வத்தக்குழம்பு என்று ஒருவர் பரிமாறினால் மரியாதைக்காகச் சாப்பிடலாம், வத்தக்குழம்பு என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. உலகத்தில் துன்பம் குறைய வேண்டும் என்பவன் இன்பத்தையும் கணக்கில் எழுத வேண்டும்.

எண்ணெய்க்கு நம்மிடையே வேறொரு பொருளும் இருக்கிறது. சாவு வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். பல சாதிகளில் தாளிப்பும் கிடையாது. காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் வந்து, சட்டி ஏறி வடை வெந்தால்தான் துக்கம் கழிந்ததாகப் பொருள். தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்காத வீட்டைப் பார்த்தால், ‘இந்த வருஷம் அவங்களுக்குப் பண்டிகை இல்லை’ என்று தெரு புரிந்துகொள்ளும். அப்படி வளர்ந்த ஒரு தாயிடம் மகன் போய், ‘அம்மா, இனி எண்ணெயே வேண்டாம்’ என்றால் அவள் காதில் விழுவது கொலஸ்டிரால் இல்லை. பகுத்தறிவு பேசுகிறவர்கள் இதை மூடத்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். எண்ணெய் அரிதாக இருந்த காலத்தில் அது வளத்துக்கு அடையாளமானதில் முழு நியாயம் உண்டு. இன்று அது வளத்துக்கு அடையாளமா என்பது மட்டும்தான் அந்தத் தாயோடு உட்கார்ந்து பேச வேண்டியது. பொறுமையாக, அவளுக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் சுரண்டிக்கொண்டே பேச வேண்டியது.

ஏனென்றால் எண்ணெய் எல்லோருக்கும் ஒரே பொருளாக வருவதில்லை. 40 சதவீதப் பெண்கள் எடை மிகுந்தவர்கள் என்று சொன்ன அதே கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். சின்னக் குழந்தைக்கு வயிறு சின்னது. கஞ்சியால் நிரம்பிவிடும், கலோரி போதாது. அந்தக் கஞ்சியில் ஒரு சிறு கரண்டி எண்ணெயோ நெய்யோ விடச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். அப்பாவின் தட்டில் கூடுதல், பிள்ளையின் கிண்ணத்தில் மருந்து. பொருளில் புண்ணியம் பாவம் எதுவும் இல்லை. யாருக்கு, எவ்வளவு என்பதில்தான் எல்லாம்.

வீதிக்கு வந்தால் இது இன்னும் அப்பட்டம். பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெயைக் கொட்டிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். அது பெரிய சமையலறைகளிலிருந்து விலை குறைந்து சின்னக் கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் கைமாறுவது ஊரறிந்த சங்கதி. பொரித்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரம்பு 2018இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் ஆணையம் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. அப்படிச் செய்ய வேண்டி வந்ததே, அந்த எண்ணெய் அதுவரை யார் வயிற்றில் போய் முடிந்தது என்பதற்குச் சாட்சி. தன் வீட்டுச் சட்டியில் ஒரு சொட்டுக்கு அஞ்சுகிறவருக்கு, கட்டடத் தொழிலாளி வேலை முடிந்து கடிக்கும் பஜ்ஜியைப் பற்றி ஏதாவது கருத்து இருக்கிறதா?

பாமாயிலுக்கு வருவோம். இந்தியா சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்கிறது. அதில் பெரும்பங்கு இந்தோனேஷியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் பாமாயில். 2022 ஏப்ரல் 28 முதல் மே 23 வரை இந்தோனேஷியா ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் மளிகைக் கடைகள் பதறின. சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடழிந்ததில் இந்த எண்ணெய்க்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக வேறு எண்ணெய்க்கு மாறினால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க முடியாது. ஒரு ஏக்கரில் செம்பனை தரும் எண்ணெயைச் சூரியகாந்தியோ சோயாவோ தர வேண்டுமானால் பல மடங்கு நிலம் வேண்டும். மொத்தமாகக் குறைப்பதுதான் நியாயமான வழி. மலாயாவில் செம்பனை வணிகப் பயிராகத் தொடங்கியது 1917இல், சிலாங்கூரின் தென்னமரம் எஸ்டேட்டில். ரப்பர் மரம் சீவிய தமிழர்களின் பிள்ளைகள் பிறகு செம்பனைக் குலை வெட்டினார்கள். தோட்டங்கள் விலைபோனபோது லயக் குடியிருப்புகளை விட்டு வெளியேறவும் செய்தார்கள். ரேஷன் கடையில் வாங்கும் பாக்கெட்டுக்குப் பின்னால் நம்மவர் முதுகும் இருக்கிறது.

அந்தப் பாக்கெட் 2007 முதல் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிடைக்கிறது; கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர், 25 ரூபாய். அது வந்ததால் ஏழை வீடுகளில் தாளிப்பு மணந்தது, பண்டிகைக்குச் சட்டி ஏறியது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கணக்குப் போடலாம். ஒரு லிட்டர் பாமாயிலில் ஏறக்குறைய 8,000 கலோரி, புரதம் பூஜ்யம். ஒரு கிலோ நிலக்கடலைப் பருப்பில் ஏறக்குறைய 5,600 கலோரி, புரதம் 250 கிராம். எண்ணெய் பாதிக்கு அருகில் அதற்குள்ளேயே இருக்கிறது. பாமாயிலுக்குப் பதில் கடலை எண்ணெய் கொடு, தேங்காய் எண்ணெய் கொடு என்று விவசாயிகள் நீண்ட நாளாகக் கேட்டு வருகிறார்கள். நான் ஒரு படி தாண்டிக் கேட்கிறேன்: எதற்குப் பிழிய வேண்டும்? கடலையாகவே ஒரு பங்கைக் கொடுத்தால் என்ன? சட்னிக்கு அரையும், பிள்ளைக்கு அவித்துக் கொடுக்க ஆகும், மாட்டுக்குப் போகிற புரதம் மனுஷருக்குத் தங்கும்.

எதிர்ப்பும் நியாயமாகவே வரும். ஈரம் பட்ட கிட்டங்கியில் கடலையில் பூஞ்சை பிடிக்கும்; அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கும்; அரிசி மூட்டையைக் காப்பது போல அதைக் காக்க முடியாது. தாளிக்க எண்ணெய் இல்லாமல் குடும்பம் நடத்தச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்றும் கேட்பார்கள். சரி, அரை லிட்டர் எண்ணெய், அரை கிலோ கடலை; காய்ந்து, காற்றுப் புகாமல் கட்டிய பாக்கெட்டில். எது எவ்வளவு என்பதைக் கார்டோடு வரிசையில் நிற்கும் பெண் சொல்லட்டும். எண்ணெயை விட்ட நண்பர்களிடமும் கார்டு இருக்கும். கரண்டியை முகர்ந்து பார்க்கும் நேரத்தில் வட்ட வழங்கல் அலுவலருக்கு இப்படி ஒரு மனு எழுதினால், கீழே கையெழுத்துப் போட நான் தயார்.